வெயிலைத் திரும்பக் கேட்டேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் வரவில்லை. நான் மலேசியாவில் செனாய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பாதி வாழ்க்கை திடலில்தான் போனது.

போன வருடம் விரல் மூட்டுகள் எல்லாம் வலிக்க ஆரம்பித்தன. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாது. அடிக்கடி காய்ச்சல். இரத்தத்தில் ஆன்டிபாடி சோதனை செய்தார்கள். பாசிட்டிவ். உடம்பே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோயாக இருக்கலாம், வெயிலில் நிற்கவே கூடாது என்றார் மூட்டுவலி டாக்டர்.

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று அப்போதே கேட்டார்.

"பிரஷர் மாத்திரைதான் டாக்டர்" என்றேன். நம் ஆட்கள் எல்லாரும் சொல்வது அதுதானே. அதன் பெயர் எனக்கே தெரியாது.

பள்ளியில் என்னை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் வலைப்பந்து ஆடும் சத்தம் ஜன்னல் வழியாக வரும். எழுந்து போய்ப் பார்ப்பேன். பார்த்தால் அழுகை வரும், பார்க்காமலும் இருக்க முடியாது. சபையார் என் சுகத்துக்காக ஜெபித்தார்கள். நானோ மனதுக்குள், "ஆண்டவரே, அந்தத் திடலில் ஒருநாள் நிற்க வேண்டும், என் வெயிலைத் திருப்பிக் கொடும்" என்று கேட்டேன். இதையெல்லாமா கேட்பது என்று வெளியே சொல்லக் கூச்சம்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் கிரேஸ் அக்கா வீட்டில் நடக்கும். அவரவர் மருந்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்போம். அவற்றின்மேல் கைவைத்து ஜெபிப்போம். முடிந்ததும் எது யாருடையது என்று தேடுவது கல்யாண வீட்டில் செருப்புத் தேடுவதுபோல இருக்கும். அன்று பொந்தியானிலிருந்து வந்திருந்த அக்காவின் நாத்தனார் என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

"இது ஹைட்ராலசின் தானே? பிரஷருக்கு நானும் சாப்பிட்டேன். எனக்கும் இப்படித்தான் மூட்டு வலி, காய்ச்சல். அப்புறம் டாக்டர் மாத்திட்டாங்க. நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க லா."

அட்டையோடு டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லவேளை கொண்டு வந்தீங்க. எல்லா பிரஷர் மருந்தும் இப்படிச் செய்யாது. இது சில பேருக்கு லூபஸ் மாதிரியே கொண்டு வரும், அந்த ஆன்டிபாடியும் இரத்தத்துல காட்டும்."

வேறு சில சோதனைகளும் செய்தார். அவையும் மருந்தின் பக்கமே கை காட்டின. மாத்திரையை மாற்றி எழுதினார்.

வலி ஒரே நாளில் போகவில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. சோதனை இன்னும் லேசாகப் பாசிட்டிவ்தான். கொஞ்ச காலம் அப்படித்தான் காட்டுமாம். ஆனாலும் வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுவாரம் திடலின் நடுவில் நின்றேன். முதுகில் வியர்வை வழிந்தது.

"டீச்சர், ஏன் அழுறீங்க?" என்றாள் ஒரு மாணவி.

"கண்ணு கூசுதுமா" என்றேன்.

பிரியமானவர்களே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நானும் நிறுத்தவில்லை. அதன் பெயரைத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். சொல்லக் கூச்சப்படுகிற ஏக்கம் எதுவோ, அதையே கேளுங்கள். இவ்வளவு சின்ன ஆசையா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கமாட்டார்.