ஊசியே போதும் என்றேன்

கோபத்தில் நான் வீசிய செம்பு என் மனைவியின் கண்ணிமையைக் கிழித்தது. ஆறிய பிறகும் இமை கோணித் தொங்கியது. எங்கள் ஊரான பொன்னமராவதியில் கேட்டவர்களிடமெல்லாம் மாடு முட்டியதாகச் சொன்னேன். என் தங்கை கல்யாணத்துக்குள் சரிசெய்துவிட, புதுக்கோட்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவரிடமும் மாடு முட்டியதாகவே சொன்னேன்.

“குளோரோபாரம் குடுத்து மயங்க வைக்கலாம். இல்லாட்டி இமை மட்டும் மரத்துப்போக ஊசி போடலாம். எது வேணும்?” என்றார்.

மயக்கத்தில் உளறிவிடுவாளோ என்ற பயம் எனக்கு. “ஊசியே போதுங்க” என்று அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டேன்.

ஊசி போட்டும் முழுதாக மரக்கவில்லை. கத்தி பட்டதும் அலறி, பக்கத்தில் நின்ற என் கையை நகம் பதியப் பிடித்தாள். ரத்தம் காதுவரை வழிந்தது. வலியை மறக்கடிக்க டாக்டர், “மாடு எப்படிம்மா முட்டுச்சு?” என்று பேச்சுக் கொடுத்தார்.

பிடித்திருந்த என் கையை உயர்த்தினாள். “மாடு இல்லைங்க. இந்தக் கைதான்.”

இமை சரியாகிவிட்டது. இன்றும் நான் செம்பைத் தொட்டால், அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள்.