எதிர்மலையில் நின்றவர்

போதாங்கின் காதுகள் என்றால் எங்கள் மேலூரில் பெருமைதான். பனிமூட்டத்தில் எருமை தொலைந்தால், கழுத்து மணியைக் கேட்டே அது எந்த அடுக்கு வயலில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவி யிங்நா சொல்வது மட்டும் காதில் விழாது.

இந்தக் காதுகளால்தான் அவர் நடுவரானார். நாற்று நட்டது முதல் அறுவடை வரை எங்களில் யாரும் லூஷெங் குழலில் வாய் வைக்க மாட்டோம். ஊதினால் நெல்லுக்குக் கோபம் வந்து பதராகிப் போகும். புதுவருடம் பிறந்ததும், அத்தனை மாதம் அடக்கிய மூச்செல்லாம் ஒரே நாளில் வெளியே வரும். மேலூரும் கீழூரும் ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஊதுவார்கள். முழ நீள மூங்கில் குழலும் இருக்கும், இரண்டாள் உயரக் குழலும் இருக்கும். எந்த ஊரின் ஒலி தெளிவாக ஏறி வருகிறது என்று எதிர்மலையில் நின்று கேட்டு நடுவர் சொல்ல வேண்டும். ஜெயித்த ஊரின் விதைநெல்லுக்குத்தான் மவுசு. அந்த ஊர்ப் பையன்களின் குழலில்தான் பெண்கள், பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக, தாங்கள் நெய்த பட்டையைக் கட்டுவார்கள்.

போதாங் பிறந்தது மேலூர், பெண்ணெடுத்தது கீழூர். இரண்டு ஊரோடும் சம அளவுக்குச் சண்டை போட்டவர் என்பதால் இரண்டு ஊரும் அவரை நம்பின.

அந்த வருடம் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் குளிர்ந்த ஆற்றில் இறங்கி மீன் பிடித்தார். இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நாளைத் தள்ளினார்.

போட்டியன்று மலையில் நின்று பார்த்தார். கீழே கன்னங்கள் உப்பின, கால்கள் சுழன்றன, பெண்களின் வெள்ளி நகைகள் குலுங்கின. ஒரு சத்தமும் இல்லை.

இறங்கி வந்ததும் கீழூர்க் குழுவின் தலைவன், அவருடைய மைத்துனன் ஜாங்லீ, கூட்டத்தின் இரைச்சலில் காதருகே வந்து கத்தினான்.

"என்ன மச்சான், யாரு?"

"யாரும் இல்ல. ரெண்டு ஊரு சத்தமும் மேல வரல."

"வரலையா? எங்க பெரிய குழல் ஊதுனா கூரை ஓடு நகருது. வரலங்கிறீங்க?"

"சோறு தின்னுட்டு வந்தீங்களான்னு நம்மளக் கேக்குறாருடா மனுசன்" என்றார் மேலூர்த் தலைவர்.

இருபது வருடமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊரும் அன்று ஒத்துப்போயின. மறுநாள் எல்லோரும் மலையைப் பார்த்து நின்று சேர்ந்தே ஊதுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் யிங்நா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அரிசிமது ஜாடி உடைஞ்சு போச்சு" என்றாள். அவர் திரும்பவில்லை. முன்னால் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யோவ், நான் பேசுறது கேக்கலன்னா சரி, பழக்கம். மதுன்னு சொல்லியும் திரும்பலையே. என்னாச்சு காதுக்கு?"

அவர் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். அவள் தேயிலைக்கொட்டை எண்ணெயை வெதுவெதுப்பாக்கி ஊற்றினாள். விடியும்போது அடைப்பு விட்டது.

மறுநாள் மலையேறினார். ஒலி முதலில் உள்ளங்காலில் வந்தது, பிறகு நெஞ்சில். மேலூர் எது, கீழூர் எது என்று பிரிக்கவே முடியவில்லை. நேற்று இதெல்லாம் காதில் விழாமலே நின்றிருக்கிறோமே என்று நினைத்ததும் பாறையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தார். "நேத்து உங்க சத்தத்துல கொறை இல்ல. என் காதுலதான் கொறை. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஜாங்லீ எருமைக் கொம்பு நிறைய மதுவை நீட்டினான்.

"அபராதம், மச்சான். எந்தக் காதுல ஊத்தட்டும்?"

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஊருக்கொரு கொம்பாக இரண்டையும் குடித்து முடித்தார். ஜெயித்த ஊர் என்று ஒன்று இல்லாததால், பெண்கள் தங்களுக்குப் பிடித்தவன் குழலில் பட்டையைக் கட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் இடையே நான்கு கல்யாணம் நடந்தது.