மெஷின் ஆபரேட்டர் முனிரத்தினம்

முனிரத்தினம் இறந்த செய்தி வந்தபோது நான் வைட்ஃபீல்டில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். செல்போனில் அவர் வீட்டு எண் தெரிந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் துண்டித்தேன். யாருக்காவது வேலைக்குச் சிபாரிசு கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே கூப்பிட்டேன். அவர் மனைவி சரோஜா எடுத்து, "அண்ணா, அவரு காலையிலயே போயிட்டாரு. மாரடைப்பு" என்றார். முனிரத்தினம் என்னிடம் ஒரு நாளும் சிபாரிசு கேட்டதில்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை உங்களுக்குத் தெரியும், என்னைப் பற்றித்தான் சிலது தெரியாது. "ஆஸ்பத்திரி கலெக்டர்" என்று அவரைக் கூப்பிட்டு நாமெல்லாம் சிரித்தோமே, அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான்.

எல்லோரும் தப்பிக்கப் பார்க்கும் செகண்ட் ஷிஃப்டை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வேலை என்பதால், காலையில் சிவாஜிநகர் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அங்கிருக்கும் கன்னடப் பலகையும் புரியாது, கையில் கொடுத்த சீட்டும் புரியாது. அவர்களைச் சரியான வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவார், டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வார், திரும்பிப் போகப் பஸ் ஏற்றிவிடுவார். அவர்கள் கையால் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூப்பர்வைசர் பதவி சீனியாரிட்டிப்படி அவருக்கு வந்தது. சூப்பர்வைசர் என்றால் காலையிலேயே வந்துவிட வேண்டும். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. நான் வாங்கிக்கொண்டேன், அதில் தப்பில்லை. ஆனால் கேன்டீனில் உட்கார்ந்து, இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வராது, அந்தப் பயத்தில்தான் வேண்டாம் என்றான் என்று கதை கட்டினேன். டாக்டர்களின் கையெழுத்தையே படித்த மனிதருக்கு ரிப்போர்ட் எழுதுவது ஒரு வேலையா? நீங்களும் நம்பினீர்கள். அவர் காதுக்கும் போயிருக்கும், என்னிடம் கேட்டதில்லை.

ஒரு நாள் நானேதான் கேட்டேன், வாழ்க்கையில் மேலே வர ஆசையே இல்லையா என்று. சின்ன வயதில் அப்பாவோடு அதே ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், நாள் முழுக்கத் தப்பான வரிசையில் நின்றுவிட்டு டாக்டரைப் பார்க்காமலே ஊர் திரும்பியதையும் சொன்னார். பிறகு, "படுக்கப் போறப்ப, இன்னிக்கு நாலு பேரு சரியான ரூமுக்குப் போனாங்கன்னு தோணுது பாரு, எனக்கு அது போதும்ப்பா. அதுக்கு மேல ஜெயிச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றார். பிழைக்கத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த சூப்பர்வைசர் அனுபவத்தைக் காட்டித்தான் நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் சேர்ந்தேன். கார் வந்தது, வைட்ஃபீல்டில் ஃபிளாட் வந்தது. சர்க்கரை நோயால் அம்மாவின் காலில் ஆறாத புண்ணும் வந்தது. வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற வேண்டும், எனக்கு லீவு கிடைக்காது. மூன்று மாதம் அம்மாவை லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் முனிரத்தினம். புண் ஆறிய மாதத்தில்தான் ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தேன்.

அவர் சரோஜாவோடு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வந்தார். என் மேலதிகாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், இவர் யார் என்று கேட்டார். வாய் தானாகச் சொன்னது: "பழைய ஃபிரெண்ட். ஃபேக்டரியில அசிஸ்டென்ட் மேனேஜர்." முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரிக்குக் கைகொடுத்தார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் லிஃப்ட் அருகே மெதுவாக, "சேகரு, நான் சாப்ட்டேன். அந்த மேனேஜர்தான் இன்னும் சாப்பிடலைன்னு நெனைக்கிறேன், பாத்துக்கோ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன் பிறகு என் வீட்டுக்கு அவர் வரவில்லை. அன்று மாலை அம்மா என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கால்ல வடிஞ்ச சீழைத் தொடச்சவன்டா அவன்."

மன்னிப்புக் கேட்க நான்கு வருடம் இருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கம்.

சாவு வீட்டில் முன்பின் தெரியாத சனங்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். காலில் கட்டுப் போட்டவர்கள்கூட இருந்தார்கள். சரோஜா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, போஸ்டர்ல பேருக்குக் கீழ என்ன வேலைன்னு போடறதுன்னு பிரஸ்ல கேக்கறாங்க. அன்னிக்கு உங்க வீட்ல சொன்னீங்களே, அதையே போடச் சொல்லவா?"

அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உங்கள் கௌரவத்துக்கு எது சரியோ அதைப் போடலாம் என்பதுபோல நின்றார். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மெஷின் ஆபரேட்டர்னு போடச் சொல்லுங்கம்மா" என்றேன். எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை. முனிரத்தினத்தின் காதில் விழும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த போஸ்டரில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, ஹாலில் அவர் கொடுத்த கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பவை இந்த இரண்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஃபிளாட்காரர் வந்து, படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். "என் ஃபிரெண்ட் முனிரத்தினம். மெஷின் ஆபரேட்டர்" என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினேன். அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.