பத்தொன்பது ஒன்றுகள்

மிளகு பறிக்கிற தை மாதத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார் என் வீட்டுக்காரர். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கணக்கில் பட்டம் வாங்கிய மனுசன். வேலை கிடைக்காமல் காட்டுக்கு வந்தவர். வீடு திரும்பியதும் சோற்றைத் தள்ளிவைத்தார். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தேன். மனுசன் அசையவில்லை. பட்டினி கிடந்தே செத்துப்போகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒருநாள் காலண்டர் தாள் கேட்டார். அதன் பின்பக்கம் ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அது எதால் வகுபடும் என்று பார்க்கப்போகிறாராம். மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். ஏழால் வகுத்தாலும் ஒன்று. பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் அதே ஒன்று. சனியன் பிடித்த ஒன்று! ஆனால் வகுத்துக்கொண்டே இடது கையால் கஞ்சியை வாங்கிக் குடித்தார். பிழைப்புக்கு உதவாத கணக்கு வாயைத் திறக்கவாவது வைத்ததே என்று இருந்தது.

இருநூற்று முப்பத்தொன்பதுக்கு வந்ததும் மிச்சமில்லாமல் போய்விட்டது. "ஒடஞ்சிருச்சு கண்ணு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் கஞ்சி அப்படியே ஆறிக்கிடந்தது.

சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு விற்கப் போனபோது, பஸ்ஸுக்கு நின்றிருந்த பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "எத்தன நாள் போட்டாலும் முடியாத எண் ஒன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பத்தொன்பது ஒன்னு எழுதுங்க. அது பகா எண். ஒன்னாலயும் அதே எண்ணாலயும்தான் வகுபடும். நிரூபிச்சாச்சு."

எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். வீட்டுக்காரர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒடையுமா?"

"ஒடையுமுன்னுதானுங்க சொன்னாங்க."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் புளுகினேன்.

மழைக்காலம் முழுக்க வகுத்தார். மூன்று வேளையும் கொஞ்சம் சாப்பிட்டார். முதுகில் படுக்கைப்புண் வந்து, ஆழமாகி, வீடெல்லாம் நாறியது. பேனா பிடிக்கும் விரல் நடுங்கியது. நான் காலண்டர் தாள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சாயங்காலம், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் புண்ணைத் துடைத்தேன். சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அது பகா எண் கண்ணு. காலேஜுல மொத வருசமே படிச்சிட்டேன்."

என் கை நின்றுபோனது. "அப்பறம் எதுக்குங்க இத்தன நாளா போட்டீங்க?"

"நீ அவ்வளவு தூரம் போயிக் கேட்டுக்கிட்டு வந்தயே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வலி தாங்க முடியல கண்ணு. என்னைய விட்டுரு. எனக்குப் போதும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவரைத் திருப்பி, தலையணையை அண்டக் கொடுத்து, பேனாவைக் கையில் திணித்தேன்.

"எனக்குப் போதாதுங்க" என்றேன்.