வெள்ளிக் கால்

என் அம்மாவுக்குக் கால் வலி வந்ததே இல்லை. ஆனாலும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் அவள் பேரைச் சொல்லி ஒரு வெள்ளிக் கால் தொங்கியது. தொங்கவிட்டவர் என் அப்பா. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு இருந்தது வேறு. ஆறு பிள்ளை பெற்றவள், நான் கடைசி. என்னைப் பெற்ற மறுவாரமே காட்டுக்குச் சோற்றுக்கூடை சுமந்தவள். ஐம்பதை நெருங்கும்போது கர்ப்பப்பை கீழே இறங்கி வெளியே தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் இதை "அடி இறங்கிப்போச்சு" என்பார்கள், அதையும் காதோடு காதாகத்தான். மருத்துவச்சி மாசிக்காயும் மாதுளந்தோலும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தாள். பழந்துணியைச் சுருட்டி வைத்துக் கோவணம் போல இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினாள். நின்றால் தாங்கும், களை எடுக்கக் குந்தினால் இறங்கிவிடும். ஏன் குந்தமாட்டேன் என்கிறாய் என்று அப்பா கேட்டபோது, "கால் வலிங்க" என்றாள். அந்த ஒரு பொய்தான் எல்லாவற்றுக்கும் வித்து.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் பெரம்பலூர் ரோட்டில் இருந்தது, நான் கல்யாணமாகி அரியலூரில் குடியிருந்தேன். அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தபோது, புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணிகளைப் பார்த்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். ஏலாக்குறிச்சிக்கு வேண்டுதல் என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவளைத் திருச்சிக்கு ரயிலேற்றினேன்.

லேடி டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று ஆபரேஷன். இறங்கினதைச் சரிசெய்து தைத்துவிடுவார்கள், ஆனால் புருஷன் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். இன்னொன்று ரப்பர் வளையம். உள்ளே வைத்தால் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும். குணமாக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டால் உள்ளே புண்ணாகும்.

"உங்களுக்கு ஆபரேஷன்தாம்மா நல்லது," என்றார் டாக்டர்.

"அவருகிட்ட இதை என்னன்னு சொல்லுவேன்? வளையத்தையே வச்சுடுங்க," என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது திருச்சி ஸ்டேஷனில் மூட்டையை அவிழ்க்கிற சாக்கில் குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி குந்தினாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

ஊரில் அவள் குந்திக் களை எடுப்பதை அப்பா பார்த்தார். "மாதா கண்ணத் தொறந்துட்டா!" என்று தெருவெல்லாம் சொன்னார். கை குணமானால் வெள்ளியில் கை, கண் குணமானால் வெள்ளியில் கண் என்று கோயிலுக்குச் செய்து கொடுப்பது எங்கள் சனத்து வழக்கம். அப்பா பத்தரிடம் சொல்லி ஒரு கால் செய்தார். வண்டி கட்டிக்கொண்டு தெருவே ஏலாக்குறிச்சிக்குப் போனது, நானும் போனேன். எல்லாரும் பார்க்க அப்பா அதை மாட்டியபோது அம்மா திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றாள்.

அதோடு அவளுக்குக் கதவு சாத்திக்கொண்டது. மூன்று மாதம் ஆனதும், திருச்சிக்குப் போக அதே சாக்கைச் சொல்லி, ஏலாக்குறிச்சிக்குப் போகணும் என்றாள். "கொணமாக்கிக் குடுத்த பொறவும் போயி நின்னா, மாதாவை நம்பலன்னு ஆயிடும்," என்றார் அப்பா. குணமான கால்தானே என்று தண்ணீர்க்குடமும் கடலை மூட்டையும் அவள் தலைக்கு வந்தன. கால் வலிக்காரிகள் வேறு அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். என் பிரசவத்துக்கு அரியலூர் வந்தபோதும் அப்பா கூடவே இருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை. கைப்பிள்ளையோடு நான் ஊருக்குப் போனபோது ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

அவள் பக்கத்தில் படுத்ததுமே வாடை தெரிந்தது.

"உள்ள எரியுதுடி. ரத்தம் படுது."

"அதை எடுத்துப் போட்டுட வேண்டியதுதானேம்மா?"

"இழுத்துப் பாத்தேன். சதையோட பிடிச்சுக்கிச்சு, வரமாட்டேங்குது."

"அப்பாகிட்ட சொல்லு. இல்லன்னா செத்துப்போயிடுவ."

"ஊரே பாக்க மாட்டுனாரு. நான் பொய் சொன்னேன்னா அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேரே போனேன். எனக்கு வாய் நீளம் என்று இரண்டு குடும்பத்திலும் பேர். அன்றைக்கு அந்த வாயும் அடைத்துப்போனது. பெற்ற அப்பாவிடம் அந்த உறுப்பை எந்த வார்த்தையால் சொல்வது? கடைசியில், "அம்மாவுக்குக் கால்ல ஒண்ணுமில்லப்பா. நாங்க ஆறு பேரும் பொறந்து வந்த எடம். அது எறங்கிப் புண்ணா கெடக்கு. நாங்க போனது திருச்சி ஆஸ்பத்திரிக்கு," என்றேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எத்தினி வருசமா?" என்றார். என் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டேன். அவர் போய் வண்டியைப் பூட்டினார்.

ஆஸ்பத்திரியில் வளையத்தை எடுப்பதற்குள் அம்மா துடித்துவிட்டாள். புண் ஆறும்வரை படுக்கையில் வைத்திருந்து பிறகு ஆபரேஷன் செய்தார்கள். அப்பா எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார் டாக்டர். அப்பா வெளியே நின்றிருந்தார்.

மாதா குணமாக்கினவள் ஏன் குடம் தூக்கவில்லை என்று ஊர் கேட்காதா? அம்மா அந்தப் பயத்தோடுதான் வண்டியைவிட்டு இறங்கினாள். மறுநாள் காலையில் அப்பா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்க்கிணற்றுக்குப் போய்ப் பெண்களோடு நின்றார். எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் செய்யாத காரியம். "என்னாய்யா, புடவையும் கட்டிக்கிறதுதானே?" என்று வழியில் போன ஆம்பளைகள் கேலி செய்தார்கள்.

"வேண்டுதல்ப்பா," என்றார் அப்பா.

அம்மாவிடம் வலிக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தண்ணீர் மட்டும் தினமும் வந்தது.

அடுத்த வருஷம் போனபோதும் வாசலில் அப்பாதான் குடத்தோடு வந்தார். உள்ளே அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொன்ன ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சுபோச்சேம்மா!"

"மெதுவாப் பேசுடி," என்றாள் அம்மா. "அவருகிட்ட ரெண்டு வருசம்னு சொல்லியிருக்கேன்."