உன் பேரையும் போடறேன்

முதலில் கண்ணில் பட்டது ரோமம்தான். பழ ஈயின் இறக்கையில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கவேண்டிய ரோமங்கள், அன்று நுண்நோக்கியின் அடியில் முறுக்கிக்கொண்டு திசைக்கொன்றாக நின்றன. தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரு தனியார் ஆய்வகம். விலங்கியல் பட்டம் படித்திருந்தும், சோளமாவும் வெல்லமும் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றி ஈ வளர்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு நொதியை. உயிரணுவுக்குள் எலும்புக்கூடுபோலப் புரத இழைகள் உண்டு. எங்கே நீள்வது, எங்கே நிற்பது என்ற சமிக்ஞையை அவற்றுக்குக் கொண்டுசேர்ப்பது அந்த நொதி. அது பழுதானால் இழைகள் தாறுமாறாகும். அவை உந்தி வளர்க்கும் ரோமமும் கோணும். "நல்லா கவனிச்சிருக்கம்மா" என்றார். நான் தயாரித்த கண்ணாடித் தகடுகளைப் படமெடுத்தே அறிக்கை எழுதினார். ஈக்களை மறுபடி பார்க்கவேயில்லை. அறிக்கையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"ஈக்குத் தீனி போடறவங்க பேரையெல்லாம் போட முடியுமா?"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. மே மாத விடுப்பில் ஊருக்கு, நாகரசம்பட்டிக்குப் போனபோது, தீனி மாற்ற ஆளில்லாமல் செத்துப்போகுமே என்று சில குப்பிகளை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோயிருந்தேன். எங்கள் வீட்டு வெக்கையில் வளர்ந்த ஈக்களுக்குத்தான் ரோமம் முறுக்கியது. ஓசூர்க் குளிரில் அவற்றின் அடுத்த தலைமுறைக்கு நேராகவே வளர்ந்தது. சூடு பட்டால்தான் அந்த நொதி கெடுகிறது என்று, விளக்கடியில் குப்பிகளை வைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். அவரிடம் சொல்ல இருந்த வாரத்தில்தான் அறிக்கை வந்தது. சொல்லவில்லை.

மார்கழியில் பெங்களூரிலிருந்து மூன்று விஞ்ஞானிகள் வந்து, உயிருள்ள ஈக்களைக் காட்டச் சொன்னார்கள். பத்துக் குப்பிகளை எடுத்து வைத்தேன். எதையும் மாற்றவில்லை. ஒருவர் குனிந்து பார்த்தார், அடுத்த குப்பியைக் கேட்டார், கடைசியில் நிமிர்ந்தார்.

"எல்லாம் நேராத்தானே இருக்கு?"

அந்தக் குளிரிலும் தலைவர் நெற்றியைத் துடைத்தார். ஓரமாக நின்று, கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்தது.

அறிக்கையே பொய் என்று சொல்லி, பொங்கலுக்கு முன் பிரிவையே மூடிவிட்டார்கள். என் வேலையும் போனது. கடைசி நாள், மற்ற குப்பிகளையெல்லாம் கொட்டிக் கழுவிவிட்டு, பையில் ஒரே ஒரு குப்பியோடு மத்திகிரி டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவர் வந்தார். பல நாள் சவரம் செய்யாத முகம்.

"உனக்கு ஏதோ தெரியும்மா. சொல்லிடு. உன் பேரையும் போடறேன்."

பேரையும். கண்டுபிடித்தவளுக்கு அந்த 'உம்' ஒன்றுதான் மிச்சம். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருப்போம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

வாடகை வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் குப்பியின் பஞ்சை எடுத்துவிட்டு உள்ளே ஊற்றினேன். அந்த ஈக்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. பின்னாளில் எங்கோ யாரோ அந்த நொதியைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்ததாகப் படித்தபோது, பத்திரிகையை மூடிவைத்தேன். வருந்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் தோன்றுகிறது: இன்றைக்கும் ஊற்றுவேன்.