ஊஞ்சல் போட்ட இடம்

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிக் கிடந்த புறம்போக்கில் சிறுவர் விளையாட்டிடம் அமைக்கும் பொறுப்பு, ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சீயராக இருந்த என் தாய்மாமனுக்கு வந்தது. அதை எங்கள் குடும்பத்துக்கே கிடைத்த பெருமையாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. விளையாடப் போகிறவர்களே இடம் சொல்லட்டும் என்று மாமா எங்கள் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார்.

நான் முந்தைய நாளே அளவுகோல் வைத்துப் படம் வரைந்திருந்தேன். நாற்புறமும் மதில், எங்கள் தெருவை நோக்கி ஒரே வாயில், நடுவில் ஊஞ்சல். அதில் ஒரு கோடுகூடக் கோணலில்லை, இன்றும் சொல்வேன். மாமா அதைப் பாராட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, காலனியிலிருந்து வந்து எங்களுடன் படித்த ஒரு பெண்ணிடம், "நீ சொல்லும்மா, ஊஞ்சல எங்க போடலாம்?" என்றார்.

அவளிடம் காகிதம் இல்லை. நடந்து போய்ச் சாலையோரம் நின்றாள்.

"இங்க சார். செங்கல்பட்டு பஸ்சு திரும்பறது இங்கேர்ந்து தெரியும்."

"ஊஞ்சல்ல குந்திக்கினே செங்கல்பட்டு போவப்போறியா?" என்றேன் நான். வகுப்பு சிரித்தது.

"எங்கம்மா சித்தாள் வேலைக்கு அங்கதான் போவுது. அது வர்றவரைக்கும் ஆடிக்கினு இருப்பேன். நீயும் வந்து ஆடு, யாரு வாணான்னா?"

மாமா சிரிக்கவில்லை. அவள் நின்ற இடத்திலேயே முளையடித்தார். அந்தப் பக்கம் மதில் வேண்டாம், சந்தைக்கு வருகிறவர்களும் நின்று பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்றார். என் படம் அவர் பையிலேயே கிடந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பொறாமை என்று பெயரிட அப்போது நான் ஒப்பியிருக்க மாட்டேன்.

என் தந்தையின் சொல்லை அலுவலகம் தட்டுவதில்லை.

"மாமா ரோட்டோரமா ஊஞ்சல் போடறாரு நைனா. சின்னப் பசங்க பஸ்சுல அடிபட்டுடுவாங்க" என்றேன் அவரிடம்.

"பையனுக்குக் கீற பொறுப்பு உங்க அண்ணனுக்கு இல்ல பாரு" என்று அவர் அம்மாவிடம் சொன்னார்.

சாலைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மதில் எழுந்தது. ஊஞ்சல் நடுவுக்கு வந்தது. வாயில் எங்கள் தெருவில் அமைந்தது. காலனிப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை.

திறந்த அன்று மாலை முதல் ஆளாக ஏறினேன். ஊஞ்சல் மேலே போகும்போதெல்லாம் மதிலுக்கு அப்பால் அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது. சாலையோரம் தனியே நின்றிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் ஏங்குகிறாள் என்று நம்பி, இன்னும் உந்தி, இன்னும் உயர ஆடினேன்.